சினை மீனுக்குக் கூடை நீட்டாத நாள்

நம் கருவாட்டுச் சங்கத்துக் கொட்டகையில் புதிதாக மீன் பிளக்கும் பலகை வாங்கியிருக்கும் பெண்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். இரண்டு வார்த்தையில் நிறுத்த எனக்குத் தெரியாது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். மீனை முதுகில் கீறிப் பிளப்பது எப்படி, உப்பு எவ்வளவு, எத்தனை வெயில் காட்ட வேண்டும் என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைப் பக்கத்துப் பலகையில் இருப்பவள் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்துவிடுவாள். திட்டு வாங்காமல் கருவாட்டு வேலை யாருக்கும் வந்ததில்லை. நான் சொல்ல வந்தது வேறு. கையில் மீன் இருக்கிறது, வெயில் ஏறுகிறது, எதிரே நாலு பேர் சத்தம் போடுகிறார்கள். அந்த நேரத்தில் என்ன முடிவெடுப்பது என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்கள் என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்ப்பீர்கள். தாராளமாகப் பாருங்கள், எனக்குப் பழக்கம்தான். பெற்றவர்கள் எனக்கு வைத்த பெயர் கன்னியப்பன். நானாக வைத்துக்கொண்டது கன்னியம்மா. வெகு தூரம் போய்விடவில்லை, பாருங்கள். என்னைப் போன்றவர்களுக்கு அந்த நாளில் ஊர் வைத்திருந்த பெயர்களை இந்தக் காகிதத்தில் எழுத மாட்டேன். கேட்டது போதும்.

நாங்கள் முதலில் ராயபுரத்துக்காரர்கள். துறைமுகத்துக்குக் கல் கொட்டிய பிறகு அதற்கு வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டே வந்தது. எங்கள் குடிசை இருந்த இடத்தில் இன்றைக்கு ஆள் ஆழத் தண்ணீர். அப்பா எங்களை எண்ணூர் முகத்துவாரத்துக் குப்பத்துக்குக் கூட்டி வந்தார். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தேன், அது நான் பையனாகச் சட்டை போட்டுக்கொண்டிருந்த காலம். பிறகு அண்ணனோடு கட்டுமரம் ஏறினேன். நன்றாகத்தான் ஏறினேன். எனக்குக் கடல் பிடிக்கும். கரைக்குத் திரும்பி, ஆண்கள் கூட்டத்தில் ஒருவனாக உட்கார வேண்டியிருந்ததுதான் பிடிக்கவில்லை.

எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டபோது பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. எங்கள் குப்பத்திலும் பாதிப் பேர் பொன்னேரிப் பக்கம் ஓடிவிட்டார்கள். அவர்கள் திரும்பி வந்தபோது நான் சேலையில் இருந்தேன். பாதி ஊர் காலியாக இருந்த முதல் சில நாட்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் எல்லாரும் எல்லாமும் சொன்னார்கள். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அண்ணன் ஒன்றுமே சொல்லவில்லை. என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டான்.

இப்போது ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இன்றைக்கு லாரி வந்துவிட்டது, உங்களுக்கு இது தெரிந்திருக்காது. அன்றைக்குக் கடலிலும், முகத்துவாரத்துக்கு உட்பக்கம் தேங்கும் உப்புநீர்க் கழியிலும் மீன் பிடிப்பது ஆண்கள் வேலை. பெண்கள் கட்டுமரத்தைத் தொட மாட்டார்கள். அலை வந்து நனைத்துவிட்டுப் போகிற ஈரமணல் இருக்கிறதே, அங்கே கூடையோடு போய் நிற்பார்கள். தண்ணீரிலிருந்து ஏறி வருகிறவன் மீனை அந்த ஈரமணலில் வைத்துப் பெண்ணின் கையில் கொடுப்பான். கொடுக்கும்போது, "இந்தாம்மா, புடி" என்பான். பெண்டாட்டியாக இருந்தாலும், அம்மாவாக இருந்தாலும், சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தாலும் அதே சொல்தான். அந்தக் கணத்திலிருந்து மீன் பெண்ணுடையது. விற்பதும் பிளப்பதும் காயப்போடுவதும் அவள் இஷ்டம். ஒரு ஆணும் அதற்கு மேல் அந்த மீனைத் தொட மாட்டான். தொட்டால் வலை வறண்டு போகும் என்பார்கள்.

நான் முதல் முதலாகக் கூடையோடு ஈரமணலில் நின்ற அன்று, அண்ணனுடைய கட்டுமரம்தான் முதலில் வந்தது. மீனைத் தூக்கிக்கொண்டு எனக்கு நேரே நடந்து வந்தான். கூடையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய்விட்டான். மற்றவர்களும் அப்படியே போனார்கள். மனசு இளகிய ஒன்றிரண்டு பேர் மட்டும் எனக்கென்று கொஞ்சம் மீனை மணலில் போட்டுவிட்டுப் போனார்கள். கையில் கொடுக்கவில்லை, அந்தச் சொல்லும் சொல்லவில்லை. மணல் ஒட்டிய மீனை நான் குனிந்து பொறுக்கினேன். அப்படித்தான் பல வருஷம் பொறுக்கினேன்.

மீன் பிளந்து காயப்போடும் களத்தில் உட்கார இடம் கொடுத்தவள் என் பக்கத்துப் பலகைக்காரி. என் வயதுதான் அவளுக்கும். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அவள் பேத்திகள் சண்டைக்கு வருவார்கள். என்னை வரிசையில் உட்கார வைப்பதா, தள்ளி உட்கார வைப்பதா என்று பெண்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் என்னிடமே கேட்டாள்.

"இனிமே மரம் ஏறுவியா?"

"ஏற மாட்டேன்."

"அலைக்கு அந்தாண்ட போவியா?"

நான் கடலைப் பார்த்தேன். அன்றைக்குத் தண்ணீர் தெளிந்து பச்சையாக இருந்தது. "போவ மாட்டேன்" என்றேன்.

"அப்போ இன்னா பேச்சு. மீனு கவிச்சி எல்லாருக்கும் ஒண்ணுதான். குந்துடி."

அவள் என்னை "டி" போட்டதில் எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்புக் கையால் கண்ணைத் துடைத்ததில் இன்னும் நன்றாக வந்தது. கடலை நான் கொடுத்துதான் அந்தப் பலகையை வாங்கினேன் என்பதைப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் திரும்பக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

கொடுவா மீனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கழியில் வளரும், கடலுக்குப் போய் முட்டை போடும். சினை பிடித்த மீன்கள் மழைக்காலம் நெருங்கும்போது முகத்துவாரத்தில் வந்து கூடும். சின்னது முழங்கை நீளம், பெரியது ஒரு சிறுமியைத் தூக்குவது போலத் தூக்க வேண்டியிருக்கும். பெரியதை நாங்கள் பிளந்து உப்பு போடுவோம். வயிற்றில் இருக்கும் சினை களத்துப் பெண்களின் பங்கு. அதை உப்பிட்டுக் காயவைத்து வைத்தால் மழைக்காலம் முழுக்கக் குழந்தைகளின் சோற்றுக்கு ஆகும்.

சில பருவங்கள் கழித்து எனக்கு ஒன்று உறைத்தது. சின்னக் கொடுவாவைப் பிளந்தால் உள்ளே வெள்ளைப் பால்தான் இருக்கும், அதாவது ஆண். பெரியதைப் பிளந்தால் சினைதான். சின்னதில் சினை பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. பெரியதில் பால் பார்த்த ஞாபகமும் இல்லை. அப்படியானால் ஆண் மீன் ஏன் பெரிதாவதில்லை, பெண் மீனில் சின்னது எங்கே என்று யோசித்துக்கொண்டே கத்தியை ஓட்டுவேன். ஒரு நாள் நடுத்தரமாக ஒரு மீன் வந்தது. அதன் வயிற்றில் இரண்டும் இருந்தன. பால் வற்றிக்கொண்டிருந்தது, பக்கத்திலேயே சினை மணி மணியாகத் தொடங்கியிருந்தது. நான் அதை ஈரச் சாக்குக்கு அடியில் மறைத்துவிட்டேன். எதற்கு மறைத்தேன் என்று கேட்காதீர்கள். என் பெட்டியை யாரோ திறந்துவிட்டது போல இருந்தது.

மாலையில் பக்கத்துப் பலகைக்காரியிடம் காட்டினேன். அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"நானும் பாத்துகீறேன், எப்பவோ ஒண்ணு ரெண்டு" என்றாள். "சீக்கு மீனுன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

"சீக்கு இல்ல. இது ஆம்பளயா இருந்து பொம்பளயாவுது."

அவள் என்னைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். "யாராண்டயும் சேலை கேக்காம ஆவுது பாரு" என்றாள். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

உங்களில் ஓரிருவர் என்னைப் போல வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். மீனைப் பார்த்து நான் பெண்ணாகவில்லை. அதைப் பார்க்கும் முன்பே ஆகிவிட்டேன். மீன் வந்து எனக்குச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். இத்தனை பெரிய தண்ணீரில் எனக்குத் துணை இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை அவ்வளவுதான். இன்னொன்று. சில படித்தவர்கள் என்னைக் கழியோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள், கடலும் இல்லை ஆறும் இல்லை என்று. எனக்கு அது பிடிக்காது. கழியை யாரும் நீ கடலா ஆறா என்று கேட்பதில்லை, மீன் இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். என்னையும் அப்படிக் கேட்டிருந்தால் போதும்.

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன். நான் சேலை கட்டிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். சித்திரையிலேயே முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டது. ஆனி வந்தும் திறக்கவில்லை. கழித் தண்ணீர் வற்றி, சூடேறி, ஓரமெல்லாம் உப்புப் பூத்துக் கிடந்தது. கடலுக்குப் போக வந்த பெரிய கொடுவாவெல்லாம் மணல் திட்டுக்கு உட்பக்கம் இருந்த மடுவில் வந்து அடைந்து நின்றன. கரையிலிருந்து பார்த்தாலே முதுகு தெரியும். கடலிலும் அந்த வருஷம் மீன் இல்லை, குப்பம் பட்டினியில் இருந்தது. ராயபுரத்திலிருந்து ஒரு வியாபாரி வந்தான். பெரிய வலையாகப் போட்டு மடுவைத் துடைத்து எடுங்கள், உங்கள் பெண்கள் பிளந்து உப்பிடட்டும், அத்தனையும் நான் எடுத்துக்கொள்கிறேன், வண்டியும் உப்பும் என் பொறுப்பு என்றான். ஆண்கள் சரி என்றார்கள். வலை இழுக்க முன்னால் நிற்கப் போவது என் அண்ணன்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மடுவில் நிற்பது அத்தனையும் பெரியது. பெரியது அத்தனையும் சினை. அதைத் துடைத்தால் சின்னதெல்லாம் வளர்ந்து மாறுகிற வரைக்கும் இந்தக் கழியில் முட்டை போட ஒரு மீன் மிஞ்சாது. அதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அதுவரை களத்துப் பெண்கள் எதைப் பிளப்பார்கள்? ஆண்களுக்கு இது தெரியாது, அவர்கள் மீனைத் திறந்து பார்ப்பதே இல்லையே. நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

கன்னிமார் சாமிக் கல்லுக்கு முன்னால் ஊர் கூடியிருந்தது. நான் போய் ஓரமாக நின்று, முதலில் முகத்துவாரத்தை வெட்டி மீனை வெளியே விடுங்கள், அப்புறம் வலை போடுங்கள் என்றேன். ஊர்ப் பெரியதனக்காரர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கெட்ட மனிதர் இல்லை. கோபமாகவும் பேசவில்லை.

"இத பாரு. முகத்துவாரம் மரம் ஏறுறவன் பேச்சு. பொம்பளைங்க அதுல வாய வெக்கறது இல்ல, ஒனக்கே தெரியும். நீ அந்த காலத்துல நல்லாதான் மரம் ஏறின. சேலைய அவுத்து வெச்சிட்டு ஒரு வேட்டிய கட்டிக்கினு வந்து குந்து. நீ சொல்றத கேக்கறோம். கேட்டாக்கா செய்யவும் செய்வோம்."

அவர் கேலி செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் உண்மையாகவே வழி காட்டினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். என் குடிசை வாசலில், துவைத்து மடித்த ஒரு வேட்டி இருந்தது. அண்ணனுடையது, வேட்டியின் கரையைப் பார்த்ததும் தெரிந்தது. வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பிள்ளைகளே, இதுதான் நான் சொன்ன நேரம். ஒரு நாள் வேட்டி கட்டினால் மீன் பிழைக்கும், களம் பிழைக்கும், அண்ணன் பேசுவான். ஒரு நாள்தானே என்று என் மனசே எனக்குச் சொன்னது. வேட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். சோப்பு வாசனையும் வெயில் வாசனையும் அடித்தது. எனக்கு ஒன்று புரிந்தது. நாளை வேட்டி கட்டிப் பேசினால், பேசுகிறவன் கன்னியப்பன். அவன் சொன்னதைத்தான் ஊர் கேட்கும். களத்தில் வருஷக்கணக்காக மீன் பிளந்து இதைக் கண்டுபிடித்தவள் நான். என் பக்கத்துப் பலகைக்காரியும் அந்த வரிசையில் இருக்கும் அத்தனை பெண்களும் கையால் பார்த்தது இது. எங்கள் வாயால் சொன்னால் கேட்க மாட்டார்கள் என்றால், அடுத்த முறையும் கேட்க மாட்டார்கள். அடுத்த முறை வேட்டி கட்ட யாரைத் தேடுவது?

வேட்டியை மடித்துக் கூடையில் போட்டுக்கொண்டு பக்கத்துப் பலகைக்காரி வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் மற்ற பெண்களும் வந்து உட்கார்ந்திருந்தார்கள், மறுநாள் வேலையைப் பற்றிப் பேச.

"பெருசுல பாலு பாத்தவ யாராச்சும் கீறீங்களா?" என்று கேட்டேன்.

எல்லாரும் இல்லையென்று தலையாட்டினார்கள். அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொருத்தி கைக்கும் தெரியும்.

"நாளைக்கு ஈரமணல்ல நின்னு அத்த வாங்காதீங்க" என்றேன். "முகத்துவாரம் அவங்க பேச்சுன்னு சொல்லிட்டாங்கோ. சரி. ஈரமணலுக்கு இந்தாண்ட நம்ம பேச்சு. நாம வாங்கலன்னா அந்த மீன எவன் தொடுவான்?"

கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி, "சினை நம்ம பங்குக்கா. வூட்டுல அரிசி இல்ல. அத்த வாணாம்னு சொல்ல சொல்றியா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

பக்கத்துப் பலகைக்காரி எழுந்து சேலையை உதறினாள். "நம்ம பங்கத்தான நாம வாணாங்கறோம். எவன் வந்து கேப்பான்?" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

காலையில் வலை இறங்கியது. நாங்கள் வழக்கம்போல் கூடையோடு போனோம். கழியோரத்து ஈரமணலில் கூடைகளைக் கவிழ்த்து, அவற்றின் மேல் வரிசையாக உட்கார்ந்தோம். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. வலை கரையை நெருங்கியதும், ஆழமில்லாத தண்ணீரில் மீன்கள் ஒன்றன் மேல் ஒன்று புரண்டு அடிக்கத் தொடங்கின. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வியாபாரி வண்டியிலிருந்து இறங்கி ஓடி வந்தான்.

"இன்னா குந்திகினு கீறீங்க? எழுந்து வாங்குங்க" என்றான்.

"சினை மீனு வாணாம்" என்றாள் பக்கத்துப் பலகைக்காரி.

"நான் ராயபுரத்துலேர்ந்து பொம்பளைங்கள இட்டுகினு வரேன். அவங்க அறுப்பாங்க."

"இட்டுகினு வா நைனா. நீ போயி வர்றதுக்குள்ள மீனு உன்ன கூப்டுகினு இருக்கும், வாசனையால."

ஆண்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். பெரியதனக்காரர் சிரிக்கவில்லை. என்னிடம் வந்தார்.

"இது ஒன் வேலையா?"

"களத்து வேலைங்க" என்றேன். "முகத்துவாரத்த பத்தி நான் வாயத் தொறக்கல. நீங்க சொன்னா மாதிரி அது உங்க பேச்சு. பாலு கீற மீனு கொண்டாங்க, வாங்கிக்கறோம். சினை மீனுக்குக் கூடை கெடையாது. இது எங்க பேச்சு."

அவர் தாடையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். வழக்கத்தை மீறி நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, அதுதான் அவருடைய சங்கடம். மணலில் போட்டுவிட்டுப் போகலாமா என்று ஒருவன் கேட்டான். போட்டால் யார் பொறுக்குவது? அத்தனை வருஷம் பொறுக்கிய நான் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது அண்ணன் வலைக்குள் குனிந்தான். இருப்பதிலேயே பெரிய மீன் ஒன்றை இரண்டு கையாலும் வாரித் தூக்கினான். செவுள் திறந்து மூடிக்கொண்டிருந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட நடந்து வந்தான். வரிசையில் அவன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள், அவளிடம் போகவில்லை. நேராக என் முன்னால் வந்து ஈரமணலில் நின்றான். மீனை என் கைக்கு நேராக நீட்டினான்.

"இந்தாம்மா, புடி" என்றான்.

அந்தச் சொல்லுக்காக நான் எத்தனை காலையில் அந்த மணலில் நின்றிருக்கிறேன் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஊர் முன்னால், பெரியதனக்காரர் முன்னால், என் அண்ணன் என்னைப் பெண் என்று சொல்லிவிட்டான். கையை நீட்டினால் போதும். என்னை மசிய வைக்கத்தான் அப்படிச் செய்தானா, மனசார வந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அதை யோசிக்கவும் நேரமில்லை. மீன் செத்துக்கொண்டிருந்தது.

நான் எழுந்தேன். ஒரு விரலால் அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். கெட்டியாக, நிறைந்து இருந்தது.

"சினை கீது" என்றேன். "வாணாம் அண்ணே."

அவன் முகம் எப்படி இருந்தது என்று என்னால் பார்க்க முடியவில்லை. கூடையை நிமிர்த்தி, அவன் கொடுத்த வேட்டியை எடுத்தேன். கழித் தண்ணீரில் முக்கி, அவன் கையில் இருந்த மீன் மேல் சுற்றிவிட்டேன். "வழுக்கும். இத்த சுத்திகினு போய் வுடு" என்றேன்.

அது தன் வேட்டி என்று அவனுக்குத் தெரிந்தது. அதன் முனையை இழுத்து மீன் மேல் சரியாகச் சுற்றினான். பிறகு திரும்பித் தண்ணீருக்குள் நடந்தான். இடுப்பு ஆழத்தில் குனிந்து, வேட்டியை விரித்து, மீனை விட்டான். அது உடனே போகவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, நிமிர்ந்து, அப்புறம்தான் போனது. பெரியதனக்காரர் உரக்க, "வலைய தாழ்த்து, மீனு போவட்டும்" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "நாளைக்கு அமாவாசை வெள்ளம், கடலு ஏறும். வெட்டறதுன்னா நாளைக்கு வெட்டலாம்" என்றார். வியாபாரி வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். அவன் எங்களைத் திட்டியது திருவொற்றியூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் கன்னிமாருக்குப் படையல் வைத்து மண்வெட்டியோடு ஆண்கள் திட்டுக்குப் போனார்கள். எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்தார்கள். பெண்கள் அந்தத் திட்டில் கால் வைப்பதில்லை, நாங்கள் தள்ளி நின்று பார்த்தோம். சாயங்காலத்துக்குள் கடல் உள்ளே வந்தது. கொடுவா வெளியே போனதை யாரும் பார்க்கவில்லை. கலங்கல் தண்ணீரில் என்ன தெரியும்? ஆனால் இரண்டாம் நாள் மடுவில் முதுகு தெரியவில்லை. சில நாளில் மணல் மறுபடி அடைத்துக்கொண்டது.

அடுத்த வருஷம் மீன் கொட்டியது என்று எழுத எனக்கு ஆசைதான். கொட்டவில்லை. அந்த ஆடி மாதம் முழுக்க எங்கள் வீடுகளில் கஞ்சிதான், அதுவும் ஒரு வேளை. என்னைத் திட்டாத பெண் இல்லை, பக்கத்துப் பலகைக்காரி உட்பட. ஆனால் ஒருத்தியும் நான் ஆண் என்று சொல்லித் திட்டவில்லை. மழைக்குப் பிறகு கோரைப் புல் ஓரத்தில் விரல் அளவுக் கொடுவாக் குஞ்சுகள் ஓடின. அவை எந்த மீனின் குஞ்சு என்று எனக்கு எப்படித் தெரியும்? இருந்தன, அவ்வளவுதான். அதற்குப் பிறகு மடுவில் வலை போடும் பேச்சு வந்தால், களத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா என்று ஆண்களே சொல்லத் தொடங்கினார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். எது உங்கள் எல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த எல்லைக்குள் வாங்கிக்கொள்வது மட்டும் உங்கள் வேலை இல்லை, வேண்டாம் என்று சொல்வதும் உங்கள் வேலை. ஆசைப்பட்டது கைக்கு நேராக வரும் நாளில்தான் அது ரொம்பக் கஷ்டமாக இருக்கும். அன்றைக்கும் வயிற்றை அமுக்கிப் பாருங்கள்.

அதே வருஷம் ஐப்பசி தாண்டி, மழை விட்ட ஒரு காலையில் ஈரமணலில் நின்றிருந்தேன். என் பழைய இடம், வரிசையின் கடைசி. அந்த ஆனிக்குப் பிறகு அண்ணன் ஒரு நாளும் என் பக்கம் வந்திருக்கவில்லை, நானும் எதிர்பார்ப்பதை விட்டிருந்தேன். கழியிலிருந்து ஏறி வந்தான். தோளில் வலை, கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா. தன் பெண்டாட்டியைத் தாண்டினான், மற்றவர்களைத் தாண்டினான். என் முன்னால் வந்து நின்று, கடலைப் பார்த்துக்கொண்டே மீனை நீட்டினான்.

"இந்தாம்மா, புடி" என்றான். "சின்னதுதான்."

நான் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கூடையை நீட்டினேன்.